கல்லும் இருளும்

இங்கிலாந்தின் செயின்ட் ஆன்ஸ் கடற்கரையில் உயிர்காப்புப் படகுவீரர் ஒருவரின் கற்சிலை கடலை நோக்கி நிற்கிறது. 1886 டிசம்பர் 9 இரவு, 'மெக்சிகோ' கப்பலினரை மீட்கச் சென்ற இரு படகுகளில் 27 தன்னார்வலர் மாண்டனர். அதன் நினைவுச் சின்னம் இது. சிலை கம்பீரமானது. அக்கம்பீரமே அதன் குறை என்பேன். கடல் கவிழ்த்தவர்களை அது வெற்றிவீரர்களாக்கிவிடுகிறது. கரையில் காத்திருந்தோருக்கு அதில் இடமே இல்லை.

கார்ன்வால் பகுதியின் மவுசல் என்னும் மீனவச் சிற்றூர் வேறு வழி கண்டது. 1981 டிசம்பர் 19 அன்று 'யூனியன் ஸ்டார்' கப்பலினரைக் காக்கப் புறப்பட்ட 'சாலமன் பிரவுன்' படகின் எண்மரும் திரும்பவில்லை. ஒரு குடும்பத்திற்கு ஒருவர் போதும் என்று படகுத் தலைவர் ஓர் இளைஞரைக் கரையிலேயே நிறுத்தியிருந்தார். மாண்டோருள் ஒருவர், சில நாள்களுக்கு முன்புதான் ஊரின் கிறிஸ்து பிறப்பு விழா விளக்குகளை ஏற்றிவைத்த விடுதிக்காரர். துயரத்தில் அணைத்த அவ்விளக்குகளை மீண்டும் ஏற்றுமாறு கேட்டவர் அவருடைய மனைவியே.

இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் ஒரு மணி நேரம் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. சிலையை ஒருமுறை எழுப்பிவிட்டு மறந்துவிடலாம். இந்த இருளை ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் கைநீட்டி உண்டாக்க வேண்டும். விளக்கு காண வரும் வெளியூரார்க்கு அது ஏமாற்றமாகலாம். ஆகட்டுமே.