துடைப்பத்தில் ஓர் இடம்

நாய் ஒன்று இடம் கேட்டு நிற்கிறது. அரசனிடமா? அல்ல. ஆண்டவனிடமா? அதுவும் அல்ல. துடைப்பத்தில் ஏறி வானில் பறக்கும் சூனியக்காரியிடம்!

பகுத்தறிவு பேசும் ஏட்டிலே சூனியக்காரிக்கு என்ன வேலை என்று தோழர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். நியாயமான வினாதான். விடை காண முயல்வோம்.

இங்கிலாந்தின் ஜூலியா டொனால்ட்சன் எழுத, ஆக்செல் ஷெஃப்லர் ஓவியம் தீட்ட, 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த சிறுவர் நூல் 'ரூம் ஆன் தி புரூம்'. சூனியக்காரியும் அவளுடைய பூனையும் பறந்து செல்கையில் காற்று அவளது தொப்பியைப் பறிக்கிறது. நாய் தேடிக் கொணர்கிறது. கூந்தல் நாடா விழுகிறது. பறவை எடுத்துத் தருகிறது. மந்திரக்கோல் குளத்தில் வீழ்கிறது. தவளை மீட்டுத் தருகிறது. மூன்றும் வேண்டுவது ஒன்றே: துடைப்பத்தில் தமக்கும் ஓர் இடம்.

சூனியக்காரிக்குத் துணை கரும்பூனை என்பது கதை மரபு. நாய்க்கும் தவளைக்கும் அங்கு என்ன தகுதி என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே இங்கிலாந்தில் இது சிரிப்புக்குரிய செய்தியாக இருந்ததில்லை. 1566-இல் செம்ஸ்போர்டு நகரில், அறுபது வயதைக் கடந்த ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற மூதாட்டி தூக்கிலிடப்பட்டார். பூனை வடிவில் பேய் வளர்த்தார் என்பது வழக்கு. அந்தப் பூனை தேரையாயிற்று என்றும் கதை கட்டினர். கருநாய் வடிவப் பேயைக் கண்டதாகச் சிறுமி ஒருத்தி சாட்சி சொன்னாள். 1604-இல் வந்த சட்டம், தீய ஆவிக்கு உணவளிப்பதையே உயிர்பறிக்கும் குற்றமாக்கிற்று. ஏழை மூதாட்டி ஒரு வாயில்லா உயிருக்குப் பால் வார்த்தால், அதுவே பழியாகத் திரும்பக்கூடிய காலம் அது! அந்தச் சட்டம் ஒழிய 1736 வரை காத்திருக்க நேர்ந்தது.

விலங்குக்குள் பேயைக் கண்டது அந்த நீதிமன்றம். இந்நூல் அதைத் தலைகீழாக்குகிறது. எப்படி?

சுமை தாங்காமல் துடைப்பம் முறிகிறது. விலங்குகள் சேற்றில் விழுகின்றன. சூனியக்காரியை விழுங்க வருகிறது ஒரு டிராகன். மந்திரம் காத்ததா? இல்லை! சேறு பூசிய நான்கு உயிர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து, ஒரே குரலாய் ஓலமிடுகின்றன. இல்லாத பூதத்தைக் கண்டு டிராகன் ஓட்டமெடுக்கிறது. ஆனால் படிக்கும் குழந்தை அஞ்சுவதில்லை. உள்ளே இருப்பது நாயும் பூனையும் பறவையும் தவளையுமே என்று அதற்குத் தெரியும். பூதத்துக்குள் விலங்கைக் காணக் கற்ற குழந்தை அது. சேற்றை விலக்கிப் பார்க்கும் அந்தக் கண்ணைத்தானே நாம் பகுத்தறிவு என்கிறோம்?

குறை இல்லாத நூலா? அல்ல. எதையேனும் தேடிக் கொடுத்த பிறகே ஒவ்வோர் உயிருக்கும் இடம் கிடைக்கிறது. வெறுங்கையோடு வரும் உயிருக்கு இடம் உண்டா? நூல் பேசவில்லை. தொண்டுக்குக் கூலியாக இடம் தருவது இரக்கம். உயிர் என்பதற்காகவே தருவது நீதி. ஆசிரியர் நீதியின் வாசல்வரை வந்து நின்றுவிட்டார் என்பேன்.

ஆயினும் முடிவு அவரை ஓரளவு காக்கிறது. நால்வரும் ஆளுக்கொரு பொருளைக் கொப்பரையில் இட, புதிய துடைப்பம் எழுகிறது. நாய்க்கும் பூனைக்கும் இருக்கை, பறவைக்குக் கூடு, தவளைக்கு நீர்த்தூவி. அனைவருக்கும் ஒரே இருக்கை என்று அளந்து போடாமல், அவரவர் தேவைக்கு ஏற்ற இடம்! இக்கதை 2012-இல் திரைப்படமானபோது, புதியவர் ஏறுந்தோறும் முகம் சுளித்தது முன்னரே இடம்பிடித்த பூனை. அந்தச் சுளிப்பு நமக்குப் புதிதா?

சூனியத்தை நம்பச் சொல்லும் ஏடுகளை எதிர்ப்போம். இந்நூல் நம்பச் சொல்லவில்லை, நகைக்கச் சொல்கிறது. மூதாட்டியைத் தூக்குமேடைக்கு அனுப்பிய அச்சம், குழந்தையின் சிரிப்பிலே செத்துப்போகிறது. தயங்காமல் சிறுவர் கையில் கொடுங்கள்.