கொன்றவர் பேசும்போது முதலில் கேட்க வேண்டியவர்

2023 செப்டம்பரில் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் திரைப்பட விழா தொடங்கும் முன்பே ஓர் ஆவணப்படத்தின் மீது சண்டை மூண்டது. படம் என்று பார்த்தால் ஒரு நீண்ட நேர்காணல்தான். கேட்பவர் பிரபல தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜோர்டி எவோலே. பதில் சொல்பவர் ஹோசு தெர்னேரா என்று அறியப்பட்ட, எட்டா அமைப்பின் முன்னாள் தலைவர். பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் எடுத்த எட்டா 800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2018ல் அது தன்னைக் கலைத்துக்கொண்டபோது அந்த அறிவிப்பை வாசித்த குரல் தெர்னேராவுடையது.

படத்தை விழாவிலிருந்து நீக்கச் சொல்லி 500க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். எட்டாவால் உறவுகளை இழந்தவர்களோடு நாவலாசிரியர் ஃபெர்னாண்டோ அரம்புரு, தத்துவப் பேராசிரியர் ஃபெர்னாண்டோ சவாதெர் போன்றோரும் அதில் இருந்தார்கள். விழா இயக்குநர் ஹோசே லூயிஸ் ரெபோர்தினோஸ் மறுத்துவிட்டார். முதலில் படத்தைப் பாருங்கள், பிறகு விமர்சியுங்கள் என்பது அவர் வாதம்.

என்னைப் போன்ற பார்வையாளனுக்கு இந்தப் பதில் போதும். பார்க்காத படத்தைத் தடுக்கச் சொல்வதை, கேட்பவர் யாராக இருந்தாலும், என்னால் ஆதரிக்க முடியாது. ஆனால் சான் செபாஸ்டியன், எட்டா மிக அதிகமாகக் கொன்ற ஊர்களில் ஒன்று. அங்கே அப்பாவைப் பறிகொடுத்த ஒருவரிடம் ‘டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வந்து பேசு’ என்று சொல்வது வேறு விஷயம். அவர் கோபம் படத்தின் தரம் பற்றியதே அல்ல. 1989ல் பிரான்சில் பிடிபட்டுச் சிறை சென்ற தெர்னேரா, 1998ல் பாஸ்க் நாடாளுமன்ற உறுப்பினராகி, அங்கே மனித உரிமைக் குழுவிலும் இடம்பெற்றவர். இதையெல்லாம் பார்த்துச் சலித்த குடும்பங்களுக்கு அந்த மனிதருக்குக் கிடைத்த இன்னொரு நாற்காலியாகவே திரைப்பட விழா தெரிந்திருக்கும்.

ஆனாலும் படம் ஒரு வேலையைச் செய்தது. 1976 பிப்ரவரியில் கால்தகானோ ஊரின் மேயர் விக்டர் லெகோர்புரு சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த மெய்க்காவலர் குண்டுகளோடு உயிர் பிழைத்தார். அந்தக் கொலையில் தனக்குப் பங்கு உண்டு என்று தெர்னேரா இந்த நேர்காணலில் ஒப்புக்கொள்கிறார். 1977ன் பொதுமன்னிப்புச் சட்டத்தால் அந்த வழக்கை எந்த நீதிமன்றமும் இனித் தொட முடியாது. நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்தக் காவலருக்குத் தெரியாமல் இருந்ததை ஒரு செய்தியாளரின் கேள்வி வெளியே கொண்டுவந்தது. எட்டா செய்த கொலைகளில் 300க்கும் மேற்பட்டவற்றில் செய்தவர் யாரென்று இன்றும் தீர்ப்பு இல்லை. அப்படிப்பட்ட நாட்டில், தண்டனை பெற்றவர்கள் வாய் திறக்கவே கூடாது என்பது அந்தக் குடும்பங்களுக்கே எதிரான நிலைப்பாடாகிவிடும். மேடை தருவதற்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் என்னவென்றால், அதே படம் வேறு குடும்பங்களுக்கு எதுவும் தரவில்லை. 1987 டிசம்பரில் சரகோசாவில் சிவில் கார்டு காவல்படையின் குடியிருப்பில் குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தெர்னேரா தனக்குத் தொடர்பில்லை என்றே சொல்லிவருகிறார். அந்தப் பெற்றோர்களுக்குப் புதிதாக ஒரு தகவலும் இல்லை. கொலையாளி என்று தாங்கள் நம்புகிறவரின் முகம் மட்டும் பெரிய திரையில், நல்ல வெளிச்சத்தில்.

கேள்வி எவ்வளவு கடுமையாகக் கேட்கப்பட்டது என்பதை வைத்தே இத்தகைய பேட்டிகளை நாம் எடைபோடுகிறோம். செய்தியாளர் விட்டுக்கொடுக்கவில்லை, மடக்கிவிட்டார், வியர்க்க வைத்தார் என்று பாராட்டுகிறோம். இது தொழில் பெருமை, அவ்வளவுதான். சொல்லப்பட்ட விஷயத்தை முதலில் தெரிந்துகொண்டவர் யார், அதற்குப் பதில் பேச அவருக்கு வழி இருந்ததா என்பதை நான் அளவுகோலாகக் கொள்வேன். எவோலே மெய்க்காவலரைத் தேடிப்போய் அவரையும் படத்துக்குள் கொண்டுவந்தார். அந்த அளவுக்கு அவர் வேலை நேர்மையானது. படத்தில் இடம்பெறாதவர்களோ விழாப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நார்வே வேறு மாதிரி யோசித்தது. 2011 ஜூலை 22ல் 77 பேரைக் கொன்ற ஆண்டர்ஸ் பிரைவிக்கின் விசாரணை மறு ஆண்டு ஆஸ்லோவில் நடந்தது. அவன் வாக்குமூலத்தை ஒளிபரப்ப நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. செய்தியாளர்கள் உள்ளே உட்கார்ந்து எழுதினார்கள். இறந்தவர்களின் குடும்பங்களோ நாட்டின் பல ஊர் நீதிமன்றங்களில் அமர்ந்து நேரலையில் விசாரணையைப் பார்க்க முடிந்தது. அவன் சொன்னது மறைக்கப்படவில்லை, அதைக் காட்சியாக விற்க மட்டும் வழியில்லை. பிரிட்டன் 1988ல் செய்ததோடு இதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். அயர்லாந்து ஆயுதப் போராளிகளின் அரசியல் அணியான சின் ஃபைன் கட்சித் தலைவர்களின் முகம் தெரியலாம், குரல் கேட்கக்கூடாது என்றார்கள். தொலைக்காட்சிகள் நடிகர்களை வைத்து டப்பிங் செய்தன. ஆறு வருடம் நடந்த அந்தக் கூத்தால் எந்தக் குடும்பத்துக்கு என்ன ஆறுதல் கிடைத்தது என்று தெரியவில்லை.

கேமராவே இல்லாத வழியும் இருக்கிறது. 2000ல் எட்டாவால் கொல்லப்பட்ட ஹுவான் மரியா ஹாவுரெகியின் மனைவி மைஷாபெல் லாசா, கொலையில் பங்கெடுத்து எட்டாவிலிருந்து விலகியவர்களில் ஒருவரை 2011ல் நேரில் சந்தித்தார். அது நடந்து பத்து வருடம் கழித்துத்தான் இசியார் போயாயின் அதைத் திரைப்படமாக எடுத்தார். இந்த வரிசை முக்கியம். முதலில் அந்த இருவர், ஊர் உலகம் பிறகு.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மன்னிப்பவர்களைத்தான் ஊடகத்துக்குப் பிடிக்கும். 1984 அக்டோபரில் பிரைட்டன் கிராண்ட் ஹோட்டலில் குண்டு வைத்த பேட்ரிக் மகீ, வட அயர்லாந்து சமாதானத்துக்கான புனித வெள்ளி உடன்படிக்கையின் கீழ் 1999ல் விடுதலையானார். அந்தக் குண்டுவெடிப்பில் இறந்த எம்.பி. சர் ஆண்டனி பெர்ரியின் மகள் ஜோ பெர்ரி மறு ஆண்டு அவரைச் சந்தித்தார், பிறகு இருவரும் பல மேடைகளில் சேர்ந்தே பேசினார்கள். பெரிய மனசுதான், குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. அதே இடிபாடுகளிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட அமைச்சர் நார்மன் டெபிட்டின் மனைவிக்கு உடல் செயலிழந்தது, அது கடைசிவரை சரியாகவில்லை. டெபிட் மன்னிக்க மறுத்தார். மகளின் மன்னிப்பு அழகான கதையாகும்போது கணவரின் மறுப்பு வெறும் பிடிவாதமாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. மன்னிக்காமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை அந்த மேடைகள் சொல்வதில்லை.

நம்மூருக்கு வருவோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களைப் பயங்கரவாதிகள் என்று சட்டப்படி சொல்ல முடியாது. பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டப் பிரிவுகள் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று 1999லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலையும் சதியும்தான் நின்றன. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளன் மரண தண்டனைக் கைதியாக இருந்துகொண்டே எழுதினார், அவர் அம்மா அற்புதம்மாள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதைத் தாம் விட்டுவிட்டதாக 2013ல் வெளிப்படையாகச் சொன்னார். கைதியின் குரலை அடைத்திருந்தால் இந்த ஓட்டையைத் தேட யாருக்கும் தோன்றியிருக்காது.

அதே வழக்கில் தண்டனை பெற்ற நளினியின் விஷயம் இவ்வளவு நேரானதல்ல. 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்குப் போய் அவரைச் சந்தித்தபோது கேமரா இல்லை. அந்தச் சந்திப்பை நளினி 2016ல் தன் நூலில் எழுதினார். சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் துக்கத்தோடு வந்தவரின் பேச்சும் சேர்ந்தே அச்சாகிவிடுகிறது.

1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களில் ஒன்பது பேர் போலீசார். தண்டிக்கப்பட்டவர்களின் விடுதலையை எதிர்த்து அன்று இறந்தவர்களின் குடும்பத்தார் உச்ச நீதிமன்றம் போனார்கள், 2019ல் மனு தள்ளுபடியானது. அதன்பின் அவர்கள் பேச மிஞ்சிய இடம் ஊடகம்தான். 2022 மே மாதம் பேரறிவாளன் வெளியே வந்தபோது அன்றைய முதல்வர் அவரைக் கட்டியணைத்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டி நின்ற படம் வந்தது. இரண்டு கட்சிகளுக்கு நடுவே அந்த ஒன்பது வீடுகள் காணாமல் போயின. நவம்பரில் மற்ற ஆறு பேரும் விடுதலையாகி நளினி பேட்டி கொடுத்தபோது, உங்கள் சார்பில் என்ன கேட்க வேண்டும் என்று அந்த வீடுகளில் விசாரித்துவிட்டு வந்த நிருபரை நான் பார்க்கவில்லை. அவர்கள் கேள்வி ஈழ அரசியலைப் பற்றியதாக இருந்திருக்காது. பந்தோபஸ்துக்கு நின்றவர்களைப் பற்றி அன்று உங்களில் யாராவது நினைத்தீர்களா என்பதாகத்தான் இருந்திருக்கும். சம்பவ இடத்தில் இருந்தவர் நளினி. அவரால் பதில் சொல்ல முயன்றிருக்கவாவது முடியும்.