கோப்பை மிஞ்சியது, சங்கம் மிஞ்சவில்லை

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பியில் மோதுவது கல்கத்தா கோப்பைக்காக. நம் நாட்டு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள், மூடியின் மேல் ஒரு யானை.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் அணிக்கு 20 பேராக ஆடிய ரக்பி ஆட்டத்தின் சூட்டில், 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்துச் சங்கம் என்ற பெயரில் ரக்பி சங்கம் பிறந்தது. ஆண்டு திரும்புவதற்குள் 137 உறுப்பினர்கள். பிறகு அங்கிருந்த ராணுவப் படைப்பிரிவு ஊர் மாறியது, சங்கத்தில் இலவச மதுபானம் நின்றது, போலோவும் டென்னிஸும் ஆளை இழுத்தன. ஐந்தாண்டு அளவில் சங்கத்தைக் கலைத்துவிட்டு, வங்கியில் இருந்த பணத்தை எடுத்துக் கோப்பையாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். உள்ளூர்ப் பிள்ளை ஒருவனையும் சேர்க்காத சங்கத்துக்கு, வந்தவர்கள் கிளம்பியதும் ஆளில்லை.

அதே கல்கத்தாவில் 2004இல் தொடங்கியது ஜங்கிள் குரோஸ் என்ற ரக்பி சங்கம். தொடங்கியவர் பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ்காரர்தான். ஆனால் பந்து போனது குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் கைக்கு. ஆடக் கற்றவர்களே அடுத்த வரிசைக்குப் பயிற்சியாளர் ஆனார்கள். சிலிகுரி அருகே சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்துக்கும் இவர்கள் ரக்பியைக் கொண்டுபோனார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டு ஆதிவாசிப் பெண்கள் அங்கிருந்து இந்திய அணி வரை வந்துவிட்டார்கள்.

நம் பக்கத்துச் செய்திக்கு வருவோம். 2025இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்றது. பெருமைதான். ஆனால் போட்டிகள் முழுவதும் மும்பையில் நடந்தன. சென்னைப் பெயர் தாங்கிய அணியின் ஆட்டத்தைச் சென்னைச் சிறுவன் திரையில்தான் பார்த்தான். இந்த வெற்றி தமிழ்நாட்டில் வேர்பிடிக்க வேண்டுமானால், கபடி ஆடும் ஊர்களுக்கு ரக்பிப் பந்து வர வேண்டும்.

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் வட்டாரம் அதற்கு ஏற்ற மண். இங்கே பொங்கல் என்றால் கபடி. கபடியைப் போலவே, செவன்ஸ் என்ற ரக்பி வகையிலும் அணிக்கு ஏழு பேர்தான். பாடி வருபவரின் தொடையில் பாய்ந்து, இரு கையாலும் கட்டிச் சாய்க்கும் பிடி ரக்பிக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் தோளுக்கு மேலே பிடித்தால் தவறு. புதிதாகப் பழக வேண்டியது பிடிக்குப் பிந்திய நொடி. விழுந்தவர் பந்தை உடனே விட்டாக வேண்டும், அதைக் கைப்பற்ற இரு அணியும் பாயும். பந்தைக் கையால் முன்பக்கம் வீசக் கூடாது. கால் வேகமும் பிடி பலமும் உள்ள பிள்ளைக்கு இது எட்டாத வித்தை அல்ல.

வேண்டியதெல்லாம் பள்ளி மைதானத்தில் மாலை நேரம், ஒரு பந்து, முறையாகப் பயின்ற ஒரு பயிற்சியாளர், பெண் பிள்ளைகளுக்குச் சம இடம். பொங்கலுக்குக் கூடி மாட்டுப் பொங்கலோடு கலையும் அணியாக இல்லாமல், ஆண்டு முழுவதும் ஆடும் சங்கமாக இருக்க வேண்டும். ஆடி முடித்த அண்ணன்களும் அக்காக்களும் அங்கேயே நின்று சொல்லிக்கொடுக்கும் ஊரில் எந்த ஆட்டமும் நிலைக்கும். மாநில ரக்பி நிர்வாகிகள் முதல் பந்தை இங்கே கொண்டுவரட்டும்.