மூன்று சொற்களுக்குள் சுருக்கப்பட்ட லெவின்

நிறுவனங்களில் மாற்றத்தை வழிநடத்துவது பற்றிக் கூறும் மேலாண்மைப் பாடநூல்களில் கர்ட் லெவினின் பெயர் பெரும்பாலும் தவறாது இடம்பெறுகிறது. உறைந்ததை இளக்குதல், நகர்த்துதல், மீண்டும் உறையச் செய்தல் என்னும் மூன்று படிகளே அவருடைய கொடை எனக் காட்டப்படுகின்றன. பனிக்கட்டியை உருக்கி வேறு அச்சில் வார்ப்பது போன்ற இவ்வுவமை எளிதில் மனத்தில் பதியும். எனினும், இம்மூன்று சொற்களே லெவின் எனக் கொள்வது தகுமா என்பது ஆராயத்தக்கது.

1890இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த லெவின், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்றார். வல்லாட்சி மனிதரை என்ன செய்யும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்தறிந்தவர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இல்லங்களில் இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பிறைச்சியின் பயன்பாட்டைப் பெருக்குவது குறித்து அவர் ஆராய்ந்தார். சொற்பொழிவு கேட்ட பெண்களில் 3 விழுக்காட்டினரே அதுவரை சமைத்திராத இறைச்சியைப் பரிமாறினர். குழுவாகக் கலந்துபேசி முடிவெடுத்தவர்களிலோ 32 விழுக்காட்டினர் அவ்வாறு செய்தனர். அறிவுறுத்தலினும் கலந்தாய்வு வலிது என்பதே இதன் சாரம்.

இவ்வழியில் அமைந்ததே வர்ஜீனியா மாநிலத்து ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் ஆகியோர் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வு. வேலைமுறை மாற்றம் வெறும் அறிவிப்பாக வந்த குழுவில் 17 விழுக்காட்டினர் முதல் 40 நாள்களுக்குள் வேலையை விட்டு நீங்கினர். அனைவரும் பங்கேற்ற குழுக்களில் ஒருவரும் நீங்கவில்லை. ஆயினும் இவ்வாய்வின் தலைப்பே 'மாற்றத்துக்கான எதிர்ப்பை வெல்லுதல்' என்பதாகும். மாற்றம் வேண்டும் என்பதை நிர்வாகம் முன்னரே தீர்மானித்துவிட்டது. தொழிலாளர் பேசியது அதை நிறைவேற்றும் முறையைப் பற்றியே. பங்கேற்பு உரிமையாக இருந்த நிலை மாறி உத்தியாகத் தேயத் தொடங்கிய இடம் இதுவெனலாம்.

லெவின் 1947இல் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரையில் மூன்று படிகள் பற்றிய பகுதி மிகச் சிறியது. அதனை முழுமையான மாதிரியாக வளர்த்தவர்கள் பின்வந்தோரே என்று கம்மிங்ஸ், பிரிட்ஜ்மன், பிரவுன் ஆகியோர் 2016இல் எடுத்துக்காட்டினர். அவ்வாறு வளர்த்தோருள் எட்கர் ஷைன் குறிப்பிடத்தக்கவர். சீனரிடம் சிறைப்பட்ட அமெரிக்கர் எவ்வாறு மனமாற்றத்துக்கு உள்ளாக்கப்பட்டனர் என்பதை ஆராய்ந்த அவர், 1961இல் வெளிவந்த நூலில் அதே மூன்று படிகளைக் கொண்டு அதனை விளக்கினார். விரும்பி மாறுதலை விளக்க எழுந்த கருத்து, வற்புறுத்தி மாற்றுதலையும் அதே எளிமையோடு விளக்கிற்று!

இதனை ஷைனின் குறையாகக் கருதுவது பொருந்தாது. மூன்று படிகள் மாற்றத்தின் வடிவத்தை மட்டுமே சொல்கின்றன. அதன் நெறியைச் சொல்வதில்லை. அந்நெறி லெவினின் குழு ஆய்வுகளிலும், ஆராய்பவரும் ஆராயப்படுவோரும் இணைந்து செயற்படும் செயல்வழி ஆய்விலும் இருந்தது. பாடநூல்கள் வடிவத்தை வைத்துக்கொண்டு நெறியைக் கைவிட்டன. தொழிற்சாலையாயினும் கல்விக்கூடமாயினும் அறக்கட்டளையாயினும், மாற்றத்தின் பெயரால் உறுப்பினரைக் கலந்தாய்வுக்கு அழைக்கும்போது கேட்கத்தக்க வினா ஒன்றே: அவர்கள் 'வேண்டா' என்றால் முடிவு மாறுமா?