பிரஷர் குறைக்கும் வால்வு: மலைவீட்டில் வேலைக்கு ஆகுமா?

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் தனிவீடு கட்டிக் குடியேறியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: புது டெப் போட்டாலும் சில மாதத்தில் சொட்டுகிறது, கொமட் சிஸ்டனில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, சிங்குக்குக் கீழே இருக்கிற ஹோஸ் நடுராத்திரியில் வெடிக்கிறது. பழி எப்போதும் ஹாட்வெயார் கடைக்காரர் மேல்தான். ஆனால் முதலில் தலையை நிமிர்த்தி, தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நின்ற தண்ணீர் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். பண்டாரவளைக்கும் பதுளை நகருக்கும் இடையே உயர வித்தியாசம் 500 மீற்றருக்கு மேல். இரண்டையும் இடைவெளி விடாமல் ஒரே குழாயால் இணைத்தால் கீழ்முனையில் 50 பார் நிற்கும், எந்த டெப்பும் தாங்காது. தோட்டத்தில் அவ்வளவு இல்லை. மேல்மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வரும் தாங்கி 60 மீற்றர் மேலே இருந்தால் 6 பார். அந்த அழுத்தத்தை நல்ல எஸ்லோன் குழாய் தாங்கிவிடும். வொஷருக்கும் சிஸ்டனின் போல் வால்வுக்கும் மூன்று பாரே தாராளம்.

நான் மாட்டிப் பார்த்தது அரை அங்குலப் பித்தளை வால்வு, சீனத் தயாரிப்பு. இரண்டு நல்ல டெப் வாங்கும் காசு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு றப்பர் தட்டு. வெளிப்பக்க அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் தட்டு ஸ்பிரிங்கை நெருக்கி வாயை மூடிவிடும். டெப்பைத் திறந்தால் மறுபடி திறக்கும். தலையில் இருக்கிற திருகாணியால் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். பக்கத்தில் சின்னக் கேஜ்.

வேலைக்கு வந்த பைப் பாஸுக்கு நம்பிக்கை இல்லை. “கேட் வால்வ பாதி மூடி வச்சா போதும் அண்ணே, எதுக்கு வீண் செலவு?” என்றார். மலைநாடு முழுக்க இந்த வைத்தியம்தான். அதைச் சோதிக்கவே முதலில் கேஜை மட்டும் மாட்டினோம். டெப் திறந்திருக்கும்போது முள் இறங்கியது. பாஸின் முகத்தில் சிரிப்பு. டெப்பை மூடியதும் முள் மெல்ல ஏறி 6இல் போய் நின்றது. பாதி மூடிய வால்வு ஓட்டத்தைத்தான் குறைக்கும். தண்ணீர் ஓடாதபோது இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். வீடு தூங்கும் நேரத்தில் ஹோஸ் வெடிப்பதற்குக் காரணம் இதுதான்.

புதிய வால்வை 3 பாரில் வைத்தோம். டெப் மூடியிருந்தாலும் முள் 3இலேயே நின்றது. ஷவர் முன்னைப் போலக் குத்தவில்லை. டெப்பைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் கேட்ட ‘டம்’ சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இந்த அளவில் பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும்தான் வினை. ஊற்றுக்கட்டில் மண் கலங்கினால் குழாயில் வருவது தேத்தண்ணி நிறத் தண்ணீர். வால்வின் உள்சல்லடை விரல்நுனி அளவுதான்; அது அடைபட்டு ஷவர் நூலாக இறங்கியது. அதைவிட மோசம் மணல். ஒரு துகள் வாயில் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாது, இரவெல்லாம் அழுத்தம் கசிந்து ஏறும். காலையில் யாரும் டெப்பைத் தொடுமுன் கேஜைப் பார்த்தால் 5 காட்டும். கழற்றிக் கழுவினால் சரியாகிவிடுகிறது. ஆனால் கேஜ் இல்லாத மலிவு வகையை வாங்கியவருக்கு இது தெரியவே வராது. சில நூறு ரூபா மிச்சம் பிடிக்க அதை வாங்காதீர்கள். வால்வுக்கு முன்னால் தனியாக ஒரு பெரிய சல்லடையும் போடுங்கள். நகரத்தில் சுத்திகரித்த தண்ணீர் எடுப்பவர்களுக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

இருபது வீட்டுக்கு ஒரே லைன் என்றால் வீட்டுக்கு வீடு வால்வு வாங்குவது வீண். உலக வங்கி உதவியோடு 1993இல் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய சமூக நீர்வழங்கல் திட்டம் போன்றவற்றில் மலைச்சரிவுக் குழாய்வழிக்கு நடுவே சின்னச் சீமெந்துத் தொட்டி கட்டுவார்கள். தண்ணீர் அதில் திறந்தபடி விழும். மேலிருந்து சுமந்துவந்த அழுத்தம் அங்கேயே தீர்ந்து, அடுத்த வீடுகளுக்குப் புதுக் கணக்கு. ஸ்பிரிங்கும் இல்லை, றப்பரும் இல்லை; போல் வால்வையும் மூடியையும் பார்த்துக்கொண்டால் போதும். சங்கமாகச் சேர்ந்து செய்ய முடிந்த இடத்தில் என் ஓட்டு தொட்டிக்கே.

லைனுக்குக் கடைசியில், பள்ளத்தில் தனியாக இருக்கும் வீடு என்றால் வால்வை வாங்கலாம். இரண்டு பக்கமும் யூனியன் போட்டு, கை எட்டும் உயரத்தில், வெளிச்சுவரில் மாட்டச் சொல்லுங்கள். பாஸ் வேலை முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் அழகாக இருக்கட்டும் என்று மேசன் அதையும் சேர்த்துப் பூசிவிடுவார்.