அன்னத்தின் கால்விரல்: பாவ்லோவாவும் 'தொழில்' என்கிற சொல்லும்

அன்னா பாவ்லோவாவைப் பற்றித் தமிழில் நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கப்பல் பயணம்தான். 1928-29இல் இந்தியாவுக்கு வந்து ஆடிய ரஷ்ய பாலே கலைஞர், ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் ருக்மிணி தேவியோடு நட்பாகிறார். தன் குழுவிலிருந்த கிளியோ நோர்டியைக் கொண்டு அவருக்கு பாலே கற்றுத்தரச் செய்கிறார். பிறகு, உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் போங்கள் என்கிறார். கலாக்ஷேத்திரத்தின் தோற்றக் கதையில் இந்தக் காட்சி தவறாமல் வரும். வந்த வேலை முடிந்ததும் பாவ்லோவா மேடையிலிருந்து இறங்கிவிடுவார். யார் அந்தப் பெண், எங்கிருந்து வந்தார், என்ன சம்பாதித்து எப்படிப் பிழைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கதை இவ்வளவு சௌகரியமாக நின்றிருக்காது.

1881இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். தகப்பன் யார் என்பதில் இன்றுவரை ஒருமித்த பேச்சில்லை. பாவ்லோவா என்பது அம்மாவின் கணவர் வழி வந்த பெயர். எட்டு வயதில் பெத்திபாவின் 'உறங்கும் அழகி' பாலேயைப் பார்த்துவிட்டு ஆடத்தான் வேண்டும் என்று அடம்பிடித்த கதையை எல்லா வாழ்க்கை வரலாறுகளும் சொல்லும். அவை அழுத்திச் சொல்லாத சங்கதி வேறு. 1891இல் அவர் சேர்ந்த ஏகாதிபத்திய பாலே பள்ளி, அரசன் செலவில் சோறும் துணியும் படுக்கையும் கொடுத்தது. படித்து முடித்தால் அரசு அரங்கில் சம்பளம். இருபது வருட ஊழியத்துக்குப் பின் ஓய்வூதியம். சலவைக்காரியின் மகளுக்கு இது சின்ன விஷயமா? கலைத் தாகம் இருந்ததுதான். கூடவே பசியும் இருந்தது.

பாலே என்றதும் வெள்ளையுடை, நிலவொளி, தேவதை என்று ஒரு பிம்பம் எழுகிறது. அந்தப் பிம்பத்தை எழுப்பிய உடல்கள் யாருடையவை? 1861இல் பண்ணையடிமை முறை ஒழிவதற்கு முன், ரஷ்யப் பிரபுக்கள் தங்கள் அடிமைகளைக் கொண்டே நாடகக் குழு நடத்தினார்கள். ஷெரெமெத்யேவ் பிரபு தன் ஆட்டக்காரிகளுக்கு ரத்தினங்களின் பெயர் சூட்டினான். பாரிஸ் ஓபராவில் ஏழை வீட்டுச் சிறுமிகள் ஆட, சந்தா கட்டிய கனவான்கள் மேடைக்குப் பின்புறக் கூடம்வரை வந்துபோனார்கள். பாவ்லோவாவின் காலத்து மாரின்ஸ்கியிலேயே க்ஷெசின்ஸ்காயாவின் செல்வாக்கு அரச குடும்பத்து ஆண்களோடு அவருக்கிருந்த உறவையும் சேர்த்தே பேசப்பட்டது. ஆடுகிற பெண், அவளை வைத்திருக்கிற ஆண், ஒதுங்கி நின்று ஒழுக்கம் பேசுகிற சமூகம் — இந்த ஏற்பாடு தஞ்சாவூருக்கு மட்டும் சொந்தமானதில்லை.

1905 அக்டோபரில் ரஷ்யாவெங்கும் வேலைநிறுத்தம் பரவியபோது அரசு அரங்கின் நடனக் கலைஞர்களும் கூடிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபோகின், கர்சாவினா ஆகியோருடன் பாவ்லோவாவும் அதில் ஒருவர். சம்பளத்திலும் நிர்வாகத்திலும் எங்களுக்கும் ஒரு சொல் வேண்டும் என்பதுதான் கோரிக்கையின் சாரம். நிர்வாகம் விசுவாசப் பத்திரத்தை நீட்டியது. நெருக்கடியில் அதில் கையெழுத்திட்ட செர்கெய் லெகாத், பிறகு தற்கொலை செய்துகொண்டார். 'அன்னம்' பாவ்லோவாவைக் கொண்டாடுகிற எழுத்துகளில் இந்தப் பாவ்லோவா ஒரு வரியில் கடந்துபோவார்.

அன்னத்துக்கு வருவோம். கமில் சான்-சான் இசைக்கு ஃபோகின் அமைத்த, சாகும் அன்னத்தின் தனியாட்டம் சில நிமிடங்களே ஓடுவது. பெரிய தாவல் ஏதும் கிடையாது. விரல் நுனியில் நின்றபடி விடாமல் சின்னச் சின்ன எட்டுகள். உடம்பின் மொத்தப் பாரமும் அங்கேதான். அன்றைக்கு மெச்சப்பட்டது லெஞ்ஞானி போன்ற இத்தாலியக் கலைஞர்களின் கட்டுமஸ்தான உடல்வாகு. பாவ்லோவாவோ ஒல்லி, பாதம் அளவுக்கு மீறி வளைந்தது. அதைத் தாங்க, காலணிக்குள் கெட்டித் தோலை வைத்து, நுனியைத் தட்டையாக்கிக் கொண்டார். ஏமாற்று என்றார்கள் சிலர். பிற்பாடு அந்தத் திசையில்தான் பாலே காலணியே போனது. ஆனால் அவரது புகைப்படங்களில் அந்த அகன்ற நுனி சுரண்டப்பட்டு, ஊசிபோல் மெலிந்து தெரியும்படி திருத்தப்பட்டது. உழைப்பின் கருவியை மறைத்தால்தான் தேவதை பறப்பாள். இதில் அவரும் உடந்தை.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1912இல் லண்டனில் ஐவி ஹவுஸில் குடியேறி, சொந்தக் குழுவோடு உலகம் சுற்றியவர், முதலாளியும்தான். நாட்டிங்ஹாமில் பிறந்த ஹில்டா பூட் அவர் குழுவில் 'புட்சோவா' ஆனார். ரஷ்யப் பெயருக்குத்தான் சந்தையில் விலை. 1923இல் உதய்சங்கரைக் கொண்டு 'ராதா-கிருஷ்ணா'வை அமைத்து, கீழைத்தேயப் பதிவுகள் என்று மேற்கில் காட்டியதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். பாரிஸுக்கு அருகே ரஷ்ய அகதிச் சிறுமிகளுக்கு ஒரு இல்லம் நடத்த அதே வருமானத்திலிருந்துதான் பணம் கொடுத்தார். 1931 ஜனவரியில், ஐம்பது வயதாக மூன்று வாரம் இருக்கையில், சுற்றுப்பயணத்தின் நடுவே ஹேக் நகரத்து ஓட்டல் அறையில் நுரையீரல் நோயில் இறந்தார். அன்னத்தின் உடையைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டபடி உயிர்விட்டதாக ஒரு கதை. அது நமக்கெதற்கு? சாகும்வரை ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்த பெண் என்பது போதாதா?

இப்போது கப்பலுக்குத் திரும்பலாம். தமிழில் 'தொழில்' என்கிற சொல்லுக்கு நேர்ந்த கதியைக் கவனியுங்கள். ஒரு ஆண் தொழில் செய்கிறான் என்றால் மதிப்பு. ஒரு பெண் 'தொழில் செய்றவ' என்றால் என்ன பொருள் என்று தெருவுக்கே தெரியும். சதிர் 'பரதநாட்டியம்' ஆனபோது நடந்த சுத்திகரிப்பின் மையத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. ஆட்டம் வேண்டும், ஆடிப் பிழைத்தவள் வேண்டாம். 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி ஆடினார், 1936இல் கலாக்ஷேத்திரம். கற்றுக்கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பொட்டுக்கட்டும் முறையை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அதற்குள் பிறந்து அதற்கெதிராகவே எழுதியும் பேசியும் நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் முறை ஒழிவதும், அந்தப் பெண்களின் கையிலிருந்த வித்தை வேறு சாதிக்குக் கௌரவமாக இடம் மாறுவதும் ஒரே காரியமில்லை.

இந்த இடமாற்றத்துக்கு உலகச் சான்றிதழாகப் பாவ்லோவாவின் பெயர் பயன்பட்டது. அவர் வாழ்க்கையைப் படித்தால் சான்றிதழ் எதிர்ப்பக்கம் பேசுகிறது. தகப்பன் பெயர் சர்ச்சையான பிள்ளை, தாயின் உழைப்பில் வளர்ந்தவர், சின்ன வயதிலேயே வித்தைக்கு ஒப்படைக்கப்பட்டவர், ஆடியே சோறு தின்றவர். தாயின் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்ட நம் இசை வேளாளர் வீட்டுப் பெண்களுக்கல்லவா அவர் கிட்டத்து உறவு? பிரம்மஞான சபையின் மேட்டுக்குடி வரவேற்பறையோடு அவருக்கிருந்தது பயணச் சிநேகம்தான்.

பாவ்லோவாவைத் தொழில்காரி என்று சொல்ல ஐரோப்பாவுக்குக் கூச்சமில்லை. தொழில்முறைக் கலைஞர் என்பது அங்கே தகுதி. கௌரி அம்மாளுக்கு அதே சொல் இழிவானது எப்படி, யாரால்? நமது நடன வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. யார் ஆடினார்கள், என்ன கூலி வாங்கினார்கள், வயதான பின் யார் சோறு போட்டார்கள் என்று ஆரம்பித்தால் போதும். கப்பல் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.