ஆழம் தெரியும் கண்ணாடி

பழைய பைனாகுலரை யாரிடம் காட்டினாலும் அவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் தெரியும்?" என்பதைத்தான். தூரம் வெறுங்கண்ணுக்கே தெரியும். நிலாவைப் பார்க்கக் கருவி எதற்கு? நல்ல பைனாகுலரில் நான் தேடுவது ஆழம். வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் ஒரு நீர்க்கடம்பு மரத்தை, 1950களில் ஜெர்மனியின் யேனா நகரத்தில் செய்த 8×30 பைனாகுலர் வழியாகப் பார்த்தால் கிளைகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் விலகி நிற்கின்றன. எந்தக் கூடு முன்னால், எது பின்னால், நடுவே எவ்வளவு வெற்றிடம், இறங்கிவரும் நாரை எந்தக் கிளைக்கு அப்பால் சிறகை மடக்குகிறது என்பதெல்லாம் கணக்குப் போடாமலே கண்ணுக்குப் புரிகிறது. இன்றைய விலை உயர்ந்த நேர்க்குழல் பைனாகுலரில் அதே மரம் இன்னும் பளிச்சென்று, இன்னும் கூர்மையாகத் தெரியும். இறகின் ஓரம்கூடத் தப்பாது. ஆனால் கிளைகள் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். பழைய பைனாகுலர்களை நான் சேர்ப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

அந்த ஆழம் எங்கிருந்து வருகிறது என்பது கருவியின் உருவத்திலேயே எழுதியிருக்கிறது. பழைய பைனாகுலரின் முன் லென்ஸ்கள், கண் வைக்கும் லென்ஸ்களைவிட அகன்று, தோள் விரித்தாற்போல் நிற்கும். மனிதக் கண்கள் இரண்டுக்கும் நடுவே சுமார் 65 மில்லிமீட்டர் இடைவெளி. 8×30 ஒன்றில் முன் லென்ஸ்களுக்கு நடுவே அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். அதாவது, அதை எடுத்துக் கண்ணில் வைத்தவுடன் நம் கண்கள் இரண்டும் காதுகளுக்கு அருகே தள்ளிவைக்கப்பட்டதற்குச் சமம். ஒரே காட்சியை இரண்டு கோணங்களில் பார்ப்பதால்தான் மூளைக்கு ஆழம் கிடைக்கிறது. கோண வேறுபாடு கூடினால் ஆழமும் கூடும். முன்னே வாங்கிய ஒளியை உள்ளே திருப்பிக் கண்ணிடம் கொண்டுசேர்க்க ஒவ்வொரு குழலிலும் இரண்டு பட்டகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் நான்கு முகங்களில் ஒளி முழுதாகத் தெறித்துத் திரும்புகிறது. வெள்ளிப் பூச்சோ அலுமினியப் பூச்சோ அங்கே தேவையே இல்லை. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்துவதும் அதே பட்டகங்கள்தான்.

இந்தப் பட்டக அமைப்பு இத்தாலியரான இக்னாசியோ போர்ரோவினுடையது. 1854இல் காப்புரிமை பெற்றார். கருத்து சரியாக இருந்தது, கண்ணாடிதான் அதற்குத் தயாராக இல்லை. பட்டகத்துக்குள் ஒளி நீண்ட வழி போக வேண்டும்; அன்று கிடைத்த கண்ணாடியில் குமிழும் கோடும் மங்கலும் இருந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து யேனாவில் எர்ன்ஸ்ட் ஆபே, தானாகவே கண்டடைந்திருந்த அதே ஏற்பாட்டைக் கையில் எடுத்தபோது, அவருடைய ஊரிலேயே ஓட்டோ ஷொட் நடத்திய கண்ணாடி ஆலை தெளிந்த கண்ணாடியை வார்த்துக்கொண்டிருந்தது. 1893இல் ஆபே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பட்டகம் ஏற்கெனவே போர்ரோவுக்குச் சொந்தம் என்று தெரியவந்தது. எனவே அவருடைய கார்ல் ஸைஸ் நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமை பட்டகத்துக்கானது அல்ல. முன் லென்ஸ்களை அகற்றிவைத்து ஆழத்தைப் பெருக்கியதற்கானது. 1894இல் அந்த பைனாகுலர்கள் விற்பனைக்கு வந்தன. நவீன பைனாகுலர் பிறந்தபோது அதன் காப்புரிமை ஆழத்தின் பெயரில்தான் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அந்த உரிமை 1908இல் முடியும்வரை மற்ற தயாரிப்பாளர்கள் முன் லென்ஸ்களை நெருக்கியே வைக்க வேண்டியிருந்தது. அக்காலத்துப் போட்டி நிறுவனங்களின் ஒடுங்கிய உடல்களைப் பார்த்தால், ஒரு சட்ட ஆவணம் உலோகத்தில் எப்படி உருவம் எடுத்தது என்பது தெரியும்.

சேகரிப்பவர்கள் எல்லோரும் எப்போதாவது வந்து நிற்கும் இடம் டெல்ட்ரின்டெம். யேனாவின் 8×30, 1920இல் வந்தது. ஆயிரம் மீட்டர் தூரத்தில் 150 மீட்டர் அகலத்தைக் காட்டும் அதன் பார்வைப் பரப்பு அன்றைக்குப் பெரிய விஷயம்; இன்றைக்கும் குறைவில்லை. அரைக் கிலோவை ஒட்டிய எடை, கையில் ஒட்டிக்கொள்ளும் வடிவம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே தொடங்கிய இது, ஜெர்மனி உடைந்து மறுபடி சேரும் காலம்வரை, சிறுசிறு மாற்றங்களோடு செய்யப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆகவே டெல்ட்ரின்டெம்களை மட்டும் வரிசையாக வைத்தாலே ஒரு நூற்றாண்டின் கைவேலை புரியும். பழையதில் பித்தளைமேல் கறுப்பு வார்னிஷ். விரல் பட்டுப் பட்டு அது தேய்ந்த இடத்தில், கீலின் ஓரத்திலும் ஃபோகஸ் சக்கரத்தின் பற்களிலும், பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அதை மறுபடி கறுப்படித்து விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. யாரோ ஒருவர் பல ஆண்டுகள் எங்கே விரல் வைத்துப் பார்த்தார் என்ற பதிவை அவர்கள் அழித்துவிடுகிறார்கள்.

1935 ஒரு பெரிய வரம்புக்கோடு. அந்த ஆண்டில் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா லென்ஸ் பரப்பில் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவைத்து ஒளித்தெறிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் நான்கைந்து சதவீதம் திரும்பி ஓடிவிடும். ஒரு குழலில் அப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணை எட்டாது. ஓடிய ஒளி சும்மா இருப்பதும் இல்லை. உள்ளேயே அலைந்து காட்சிமேல் வெண்மூட்டமாகப் பரவும். பூச்சு பூசிய யேனா பைனாகுலர்களில் சின்னதாக ஒரு 'டி' எழுத்து பொறித்திருப்பார்கள். முன் லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் வெண்மையாகத் தெறிப்பது பூச்சில்லாதது. நீலமோ ஊதாவோ தெறித்தால் பூச்சுள்ளது.

பூச்சு இல்லாததை நான் ஒதுக்குவதில்லை. உச்சி வெயிலில் அது திணறும், உண்மைதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால், பூச்சில்லாத பழைய லென்ஸ் தரும் நிறங்களில் ஒரு நிதானம் இருக்கிறது. பச்சை பச்சையாகவே இருக்கும்; கண்ணைக் குத்தாது.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பைனாகுலர்களுக்குச் சந்தையில் தனிக் கூட்டம் உண்டு. அவற்றில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. ரகசியக் குறி மட்டும் இருக்கும். 'பி.எல்.சி.' என்றால் யேனாவின் ஸைஸ், 'பி.இ.எச்.' என்றால் வெட்ஸ்லாரின் லைட்ஸ். உலோகம் அரிதாகிப்போன கடைசி ஆண்டுகளில் உடலையே பேக்லைட்டில் வார்த்தார்கள். வரலாற்றுச் சான்றாக இவை முக்கியமானவைதான். என்றாலும் கழுகும் ஸ்வஸ்திகாவும் பொறித்த ஒன்றை நான் வாங்கமாட்டேன். அந்தக் காலத்து யேனா ஆலையில் கட்டாய உழைப்புக்காகப் பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். அந்தக் குறிகளுக்காகவே இரட்டை விலை கொடுப்பதை ரசனை என்று ஏற்க என்னால் முடியவில்லை.

போருக்கும் பைனாகுலருக்கும் உள்ள உறவில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு கதை. 1914இல் போர் மூண்டபோது பிரிட்டனிடம் போதிய பைனாகுலர்கள் இல்லை. நல்லவை பலவும் எதிரி நாட்டிலிருந்து வந்தவை. வயது முதிர்ந்த படைத்தலைவர் லார்ட் ராபர்ட்ஸ், குதிரைப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் வைத்திருக்கும் பைனாகுலர்களைத் தந்து உதவுமாறு பொதுமக்களைக் கேட்டார். அமெரிக்கா போரில் இறங்கியதும் கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதே வேண்டுகோளை விடுத்தார். இலவசமாக வாங்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் வாடகை. போர் முடிந்ததும் மிஞ்சியவை நன்றிச் சான்றிதழோடு வீடு திரும்பின. அப்படிக் கடலுக்குப் போய்த் திரும்பிய பைனாகுலர், சான்றிதழோடு இன்றும் எப்போதாவது ஏலத்துக்கு வரும்.

அந்தப் பற்றாக்குறையின் பாடத்தைப் பிரிட்டன் மறக்கவில்லை. கிளாஸ்கோவின் பார் அண்ட் ஸ்ட்ரௌட் நிறுவனம் அரசக் கடற்படைக்குச் செய்த சி.எஃப். 41 என்ற 7×50 பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கனம் அதிகம், அழகு குறைவு. ஆனால் நடுங்கும் கப்பல் மேல்தளத்தில் இரவு முழுக்க நிற்பவனை மனதில் வைத்துச் செய்த கருவி. முன் லென்ஸின் விட்டமான ஐம்பது மில்லிமீட்டரைப் பெருக்கமான ஏழால் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர் சொச்சம் வரும். இருட்டுக்குப் பழகிய இளங்கண்ணின் பாவையும் அவ்வளவுதான் விரியும். லென்ஸ் வாங்கிய வெளிச்சம் சிந்தாமல் கண்ணுக்குள் போய்ச் சேர்கிறது. வெயிலுக்கான வண்ணக் கண்ணாடிகள் உள்ளேயே இருக்கின்றன. பக்கத்துக் குமிழைத் திருப்பினால் அவை வந்து நிற்கும். ஐம்பது வயதைக் கடந்த கண்களின் பாவை அவ்வளவு விரியாது என்பதால் அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி நமக்குப் பயன்படாமல் போகலாம். இருந்தாலும் அமாவாசை இரவில் அதை வானத்துக்குத் திருப்பி கார்த்திகைக் கூட்டத்தைப் பார்ப்பது பெரிய சுகம். நட்சத்திரங்கள் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் ஆழம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆனால் கறுப்பு அவ்வளவு கறுப்பாக இருக்கும்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களின் நினைவுப் பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளையில் 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்த தொலைநோக்கிகளும் பைனாகுலர்களும் கிடைக்கும். அந்த இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனமாகச் சேர்ந்ததே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அவை நம் நாட்டில் இப்போது செய்யப்படும் அலங்காரப் பொருட்கள். மேஜைமேல் வைக்கலாம், உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை.

அசல் என்று தெரிந்த பிறகும் வாங்கும் முன் செய்ய வேண்டியவை உண்டு. முன்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்துக் கண்பக்கம் வழியே பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. அது லென்ஸ் பூச்சைத் தின்று கண்ணாடியிலும் தடம் பதித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. ஒரே சீராகப் புகை படிந்தாற்போல் இருந்தால் பழைய கிரீஸின் ஆவி. அது சுத்தம் செய்தால் தீரும். அடுத்து, தூரத்து மின்கம்பியை இரு கண்ணாலும் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்து முடித்ததும் நெற்றி வலித்தாலோ குழல்கள் ஒன்றோடொன்று இசையவில்லை. எப்போதோ கீழே விழுந்து பட்டகம் நகர்ந்திருக்கிறது. முன் லென்ஸைச் சுற்றியுள்ள மையம் விலகிய வளையங்களைத் திருப்பி அதைச் சரி செய்யலாம். ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும். நம் ஊர்களில் அந்தக் கை உள்ளவர்கள் மிகக் குறைவு. கேமரா பழுது பார்ப்பவர்கள் எல்லோராலும் இது முடியாது. திருகைத் திறக்கத் தெரிந்தவர் வேறு, இரு குழல்களையும் இசையவைக்கத் தெரிந்தவர் வேறு.

சென்னை போன்ற கடலோர ஊரில் வைத்துக் காப்பதே பாதி வேலை. அசல் தோல் உறை கூடவே கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பைனாகுலரை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. உறை தனியாகக் காற்றாட இருக்கட்டும். கருவி காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு இருக்கட்டும். அந்தப் பையை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும்.

போர்ரோ வகையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அகன்ற கண்கள் தூரத்தில் தரும் வரம் பக்கத்தில் இடைஞ்சலாகிறது. மூன்று மீட்டரில் உட்கார்ந்த பட்டாம்பூச்சியை இரு குழல்களும் ஒன்றாகப் பிடிக்காது. நடுத்தூரத்தில் நிற்கும் மனிதர்கள் பொம்மை அளவுக்குச் சுருங்கியதுபோல் ஒரு மயக்கமும் வரும். தூசியும் ஈரமும் உள்ளே நுழைய வழி அதிகம். நேர்க்குழல் வகைகள் உலகை வென்றதற்கு இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நேர்க்குழலுக்குள் இருக்கும் கூரைப் பட்டகம் மட்டும் பிம்பத்தின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுகொண்டிருந்தது. 1988இல் ஸைஸ் அதற்கும் ஒரு பூச்சு கொண்டுவந்த பிறகு அந்தக் குறையும் தீர்ந்தது. அதன் பின் முன் லென்ஸ்களை அகற்றிவைத்துச் செய்யும் முதல்தர நிறுவனங்கள் அரிதாகிவிட்டன. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி மட்டும் ஹாபிஷ்ட் என்ற போர்ரோ வரிசையை 1949 தொட்டுப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்துவந்தது.

முதல் பைனாகுலராக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1950களுக்குப் பிந்தைய, பூச்சுள்ள யேனா 8×30. நிறைய செய்தார்கள், அதனால் விலை மிரட்டாது; உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. கையில் நடுங்காது, கழுத்தை இழுக்காது. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். பழைய கண் லென்ஸோடு கண் கிட்டத்தட்ட ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல் வைத்துப் பார்த்தால் பார்வைப் பரப்பில் பெரும்பகுதி போய்விடும். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தாலேயே ஈடு செய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அது போதாது. நாடு உடைந்தபின் மேற்கு ஜெர்மனியில் தனியே இயங்கிய ஓபர்கோஹன் ஸைஸ் 1950களின் கடைசியில் கண்ணாடி அணிபவர்களுக்கென்றே செய்த, பெயருக்குப் பின் 'பி' எழுத்து கொண்ட 8×30 ஒன்று இருக்கிறது. விலை கூடுதல்தான். தோள் விரித்த அதே போர்ரோ உடல், அதே ஆழம்.